பெர்பெத்து மதினியின் முட்டங்கால்

அந்த நாற்காலிக்குக் கால் ஆடுகிறது, இதில் உட்காருங்க. நான் நகர்ந்துகொள்கிறேன். எனக்கு ஒன்றரை நாற்காலி வேண்டும் என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும். அதைச் சொல்லாமல் நின்றீங்களே, பெரிய குணம். எங்கள் வீட்டில் அந்தக் குணத்துக்குப் பஞ்சம்.

உங்களுக்கு யார் உள்ளே? மாமியாரா. இடுப்பா. பாத்ரூமில் வழுக்கினார்களா? பாத்ரூமாகத்தான் இருக்கும்.

எனக்கு நாத்தனார். வீட்டுக்காரரின் அக்காள். வலது முட்டு. காலையில் முதல் கேஸே அவள்தான், இன்னும் கதவு திறக்கவில்லை. போன வருஷம் எனக்கும் இதே ஆஸ்பத்திரியில் இதே டாக்டர்தான் முட்டு மாற்றினார், இவ்வளவு நேரம் ஆகவில்லை. நானோ இந்த உருவம். அவளோ முருங்கைக்காய். ஒரு முருங்கைக்காயை நறுக்க இத்தனை நேரமா?

அய்யோ, பாசம் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. நர்ஸ் சொல்லியாயிற்று, லிஃப்ட்காரர் சொல்லியாயிற்று, "நாத்தனாருக்கு இந்தக் காலத்துல யாரும்மா இப்படிக் கூட இருந்து பாக்கிறாங்க" என்று. நான் பார்க்க வரவில்லை. பழி வாங்க வந்திருக்கிறேன்.

சிரிக்காதீங்க. முழுக்கக் கேட்டால் நீங்களே என் பக்கம் பேசுவீங்க. முதலில் ஒரு மக்ரூன் எடுத்துக்கொள்ளுங்க. எங்களுக்குத் தூத்துக்குடி, இது இல்லாமல் வெளியூர் கிளம்ப மாட்டோம். இதில் எண்ணெய் உண்டா? வெண்ணெய் உண்டா? முட்டையின் வெள்ளையும் முந்திரியும்தான். சர்க்கரை உண்டு, அது சும்மா ஒரு பேருக்கு. இதைத் தின்றா ஒருத்தி குண்டாவாள்? நீங்களே சொல்லுங்க.

உள்ளே படுத்திருக்கிற என் நாத்தனார், இந்தப் பெர்பெத்து மதினி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்தாள், தம்பிக்கு வேலை வாங்கிக்கொடுத்தாள், தம்பிக்குப் பெண் பார்த்தாள். அந்தப் பெண் நான். இன்றுவரை எங்கள் மாடியில்தான் இருக்கிறாள். ஒரு நேரம் கஞ்சி, மறுநேரம் அதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுக்க ஒருசந்தி. அவள் உடம்பில் சதை எங்கே இருக்கிறது என்று தேடினால் நாக்கில் மட்டும் கிடைக்கும்.

எனக்கு முட்டு வலி வந்த நாளிலிருந்து அந்த நாக்குக்கு வேலை கூடிவிட்டது. எங்கள் தெருவில் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் எல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். அன்பியம் என்று பேர். எல்லாரும் முட்டங்கால் போட்டு நிற்பார்கள். எனக்கு முடியாது. நான் வாசல் ஓரமாக, யார் கண்ணிலும் படாமல் நிற்கப் போவேன். விடுவாளா? "ஏளா, எமல்டாவுக்கு நாக்காலி போடுங்க. பிளாஸ்டிக் வேண்டாம், மரத்துல போடுங்க" என்பாள். அத்தனை பெண்களும் செபமாலையை வாயில் வைத்து மறைத்துச் சிரிப்பார்கள்.

இன்னொரு நாள், என் சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணம். என் இலைக்கு வந்த கறியைக் கையை நீட்டி மறித்தாள். "அவளுக்கு வேண்டாம்ப்பா, முட்டு கேக்காது." முட்டுக்கு வாய் இருந்தால் கேட்டிருக்கும், இன்னொரு கரண்டி போடச் சொல்லி. சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னாள், "முட்டு என்ன பண்ணும் பாவம், அஸ்திவாரத்தக் கேக்காம மாடி மேல மாடி கட்டுனா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. கான்வென்டில் படித்தவள் நான். வகுப்பில் பேசினால் சிஸ்டர் வராந்தாவில் முட்டங்கால் போடச் சொல்வார். பாதிப் படிப்பை வராந்தாவில்தான் படித்தேன். சிமென்டுத் தரை, மேலே வெயில். என் முட்டு அங்கே போயிருக்கக் கூடாதா? அப்போது நான் ஒல்லிதான். இதை நான் சொன்னால் என் வீட்டுக்காரர் கஸ்பார் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வார்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அதே அன்பியத்தில், அதே பெண்களுக்கு முன்னால், பெர்பெத்து மதினி வாயைத் திறந்து "எமல்டா முட்டு போனது அவ சாப்பாட்டால இல்ல" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நகை வேண்டாம், வீடு வேண்டாம். அந்த ஒரு வாக்கியம்.

இன்னும் திறக்கவில்லை, பாருங்க. உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

எனக்கு ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பிள்ளை வந்தாள். ஷாஜிதா என்று பேர். ஆராய்ச்சிப் படிப்பு. கட்டில் பக்கத்தில் நின்று, "அம்மா, மூட்டு மாத்தும்போது வெட்டி எறியப்போறதுல கொஞ்சம் எங்களுக்குக் கொடுப்பீங்களா? மூட்டுக்குள்ள ஒரு சவ்வு இருக்கும், முட்டுக்கு முன்னால இருக்கிற சிப்பி எலும்புக்குப் பின்னால கொஞ்சம் கொழுப்பு இருக்கும். அப்புறம் தோலுக்கு அடியிலிருந்து துளி" என்றாள்.

என் வாழ்க்கையில் என் கொழுப்பை 'கொடுப்பீங்களா' என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"அத வச்சு என்னம்மா செய்வீங்க?" என்றேன்.

"கொழுப்பு சும்மா கிடக்கிறதில்லம்மா. என்னென்னமோ சுரக்குது. பக்கத்துல இருக்கிற மூட்டோட பேசிக்கிட்டே இருக்குன்னு வைங்களேன். அந்தச் சிப்பிக்குப் பின்னால இருக்கிறது எல்லாருக்கும் உண்டு, ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் உண்டு. குண்டா இருக்கிறவங்ககிட்ட எப்படிப் பேசுது, ஒல்லியா இருக்கிறவங்ககிட்ட எப்படிப் பேசுதுன்னு பாக்கிறோம்."

கேட்டீங்களா? இத்தனை வருஷம் என் கொழுப்பைப் பற்றி ஊரே பேசியது. அதைப் பேசவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிறவள் இந்தப் பிள்ளைதான். அதற்குப் பிறகு "எடையும் ஒரு காரணம்தான்மா" என்று ஏதோ இழுத்தாள். சின்னப் பிள்ளை, டாக்டர் காதில் விழட்டும் என்று சொல்லியிருப்பாள். நான் உடனே கையெழுத்துப் போட்டேன்.

மதினி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், பிளாஸ்கோடு. பிள்ளை போனதும் ஆரம்பித்தாள். "உடம்புல இருந்து எடுத்தத மண்ணுக்குள்ளதான் போடணும். நாளைக்குக் கடைசித் தீர்வையில எல்லாரும் உயிர்த்து எந்திரிக்கும்போது என் முட்டு எங்க, என் முட்டு எங்கன்னு தேடிட்டு நிப்பியா?"

"அப்பவும் எனக்கு இந்தக் கொழுப்பு வேணுமா மதினி? அன்னைக்காவது ஒல்லியா எந்திரிக்கிறேன்" என்றேன்.

பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். முதல் தடவையாகக் கடைசி வார்த்தை என்னுடையது. சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குப் பயம்கூடத் தெரியவில்லை.

ஆபரேஷன் ஆனபிறகு, என்னிடமிருந்து எடுத்ததைப் போட்டுவைத்த டப்பாவைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். மஞ்சளாக, பாதி உறைந்த நெய் மாதிரி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதற்கா ஒரு குடும்பமே இத்தனை பேச்சு பேசியது?

வீட்டுக்கு வந்தபிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்க. நர்ஸ் வைக்கலாம் என்றார் கஸ்பார். "எதுக்கு, நான் சாகலயே" என்று மதினி கீழே இறங்கி வந்து என் அறையிலேயே பாயைப் போட்டாள். அன்றிலிருந்து சிறைதான். காலையில் கண் திறக்கும்முன் அவள் முகம். குதிகாலுக்கு அடியில் தட்டை வைத்து, கால் வழுக்கி மடங்கட்டும் என்று பவுடரைக் கொட்டி, "மடக்கு. இன்னும் மடக்கு. ஏளா, அழுதா முட்டு மடங்குமா?" பாத்ரூமுக்குப் போனால் கூடவே வருவாள். என் பாரம் முழுக்க அவள் தோளில். "மெதுவா, என்னையும் சேத்துக் கல்லறைக்குக் கொண்டுபோயிராத" என்பாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தரையில் குந்தி என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்ப்பாள், தேய்க்கும்போதும் வாய் ஓயாது. உப்பில்லாத கஞ்சி. அவித்த முட்டை, அதிலும் மஞ்சளை எடுத்துவிட்டு. அதை யார் தின்பது, அவளும் தின்ன மாட்டாள், பூனைக்குப் போட்டாள்.

பூனை குண்டானது. அதன் முட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தேன். கம்பு இல்லாமல் நடந்தேன். டாக்டரே, "இவ்வளவு சீக்கிரம் எப்படிம்மா?" என்றார். என் மனவுறுதி, வேறென்ன.

இப்போதுதான் கதை திரும்புகிறது. எங்கள் கோயில் திருவிழா வந்தது. கொடியேறிய அன்று மத்தியானம் மதினி கொடிமரத்தடியில் முட்டங்கால் போட்டாள். அங்கிருந்து பீடம் வரைக்கும் முட்டங்காலாலேயே நடந்து போனாள். நேர்ச்சையாம். முன்பு அந்த முற்றம் மணல். போன வருஷம்தான் கல் பதித்தார்கள், அடுப்பு மாதிரி கொதிக்கும். எல்லாரும் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன், பந்தல் நிழலில் நாற்காலி போட்டு. நடுவில் இரண்டு தடவை கையை ஊன்றினாள். பீடத்தில் போய்ச் சேர்ந்தபோது சேலையில் முட்டுக்கு நேரே இரத்தம்.

அதோடு அவள் முட்டு போயிற்று. மாடி ஏற முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பும் எலும்பும் உரசுகிறது. "ரொம்ப நாளாவே தேஞ்சுக்கிட்டு வந்திருக்கு, சொல்லாம இருந்திருக்காங்க" என்றார் டாக்டர். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? எலும்பும் தோலுமாக இருக்கிறவள்! ஒருசந்திக்காரி! எந்த மாடி மேல் எந்த மாடியைக் கட்டினாள்?

என்ன கேட்டீங்க? நேர்ச்சை எதற்கா? எனக்காகத்தான். எமல்டா கம்பு இல்லாமல் நடந்தால் முட்டங்கால் நடை நடக்கிறேன் என்று நேர்ந்திருக்கிறாள். என்னைக் கேட்டாளா? நான் நேரச் சொன்னேனா? ஊரெல்லாம் பார்க்க என் பேரைச் சொல்லி இரத்தம் காட்ட வேண்டும், அதுதான் அவளுக்கு. அதைப் பெரிதாக எடுக்காதீங்க, கதைக்கு அது முக்கியமில்லை.

அடுத்த அன்பியம் எங்கள் வீட்டில். எல்லாரும் வந்தார்கள். நான் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன்: "பெர்பெத்து மதினிக்கு நாக்காலி போடுங்க. பிளாஸ்டிக்கே போதும், காத்துல பறந்துராம யாராவது பிடிச்சுக்கோங்க." சிரித்தார்கள். எத்தனை வருஷத்து வட்டி!

அவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் முட்டங்கால் போட்டாள். ஜெபம் முடிந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்தாள், முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். அப்போது "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அது வாயு. முந்தின நாள் மொச்சை வைத்திருந்தோம்.

இரண்டு முறை மணியைப் பார்த்துவிட்டேன் என்கிறீங்களா? பார்க்கத்தானே கடிகாரம் கட்டியிருக்கிறது. அவளுக்கு எலும்பு பஞ்சு மாதிரி இருக்கிறதாம், வயசும் ஆகிவிட்டது. டாக்டர் நேற்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னார். அதனால் பார்க்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆ, ஆபரேஷன். மாட்டேன் என்றுவிட்டாள். மாற்றினால் தரையில் முட்டங்கால் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். "முட்டங்கால் போடாத முட்டு எனக்கு எதுக்கு? ஆண்டவர் முன்னால காலைத் தொங்கப்போட்டு உக்காரவா?" கஸ்பார் கெஞ்சினார். பங்குச் சாமியாரே வந்து சொன்னார். அசையவில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல். ஏனென்றால் ஷாஜிதா என்னிடம் சொல்லியிருந்தாள், "ஒல்லியா இருக்கிறவங்க முட்டு மாத்த வர்றது குறைச்சல்மா. ஒப்பிட்டுப் பாக்க ஆள்தான் கிடைக்கல" என்று. என் வீட்டு மாடியிலேயே ஆள் இருக்கிறாள்! அவள் கொழுப்பையும் என் கொழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று படித்தவர்கள் சொல்லிவிட்டால், அப்புறம் அந்த வாய் என்ன பேசும்? அதற்கு முதலில் அவள் மேஜையில் படுக்க வேண்டுமே!

யோசித்தேன். ஒரு சாயங்காலம் கஸ்பாரைக் கடைக்கு அனுப்பிப் பொரிச்ச புரோட்டா வாங்கிவரச் சொன்னேன். சால்னாவோடு. அவள் முன்னால் உட்கார்ந்து பிய்த்துத் தின்றேன். "நீங்க ஆபரேஷனுக்கு வாரது வரைக்கும் எனக்குத் தினமும் இதுதான் மதினி. புது முட்டு தாங்குதா இல்லையான்னு பாப்போம்" என்றேன்.

முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள், "உனக்கு நான் மடக்கி மடக்கி விட்ட காலுடி அது" என்று கத்தினாள். நான் இன்னொன்று பிய்த்தேன். ஒரு வாரம் தின்றேன். உண்மையைச் சொன்னால் மூன்றாம் நாளே எனக்குத் திகட்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை, பழி என்றால் பழி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பொட்டலத்தைப் பிரித்தபோது, பாய்ந்து வந்து பிடுங்கி வாசலில் எறிந்தாள். "வாரேன். வந்து தொலைக்கிறேன். நீ இதத் தொடாத."

எண்ணெய் வாடை அவளுக்கு ஆகாது. அதான் பணிந்தாள்.

நேற்று ஷாஜிதா வந்து இவளிடமும் கேட்டாள். மாட்டேன் என்பாள், மண்ணுக்குள் புதை என்பாள் என்று நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். இவள் கேட்கிறாள், "இவளுது எங்க இருக்கு?"

"ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கும்மா."

"என்னுத அதுக்குப் பக்கத்துலயா வைப்பிய?"

"ஆமாம்மா, ஒரே பெட்டிதான்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம், "எடுத்துக்கோ தாயி. எந்திரிக்கிற அன்னைக்கு இவ ஒத்தையில தேடிட்டு நிக்க வேண்டாம்" என்றாள்.

பார்த்தீங்களா அநியாயத்தை? கடைசித் தீர்வையிலும் என் பக்கத்தில் வந்து நின்று என்னைக் கண்காணிக்கப் போகிறாளாம்! அங்கேயாவது ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட விடுவாள் என்று நினைத்தேன்.

இருங்க, கதவு. ஷாஜிதாதான். என் பையைப் பார்த்துக்கொள்ளுங்க, வருகிறேன்.

வந்துவிட்டேன். எடுத்தாயிற்றாம். டாக்டர் இன்னும் புது மூட்டைப் பொருத்திக்கொண்டிருக்கிறாராம். எலும்பு மெத்தென்று இருப்பதால் பார்த்துப் பார்த்துச் செய்கிறாராம். பார்த்துச் செய்யட்டும். அவசரம் ஒன்றுமில்லை. யார் அவசரப்பட்டது?

ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினாள். சின்ன டப்பா. மஞ்சள். என்னுடையதைப் போலவே மஞ்சள், அதே உள்ளங்கை அளவு. "பேர் ஒட்டலன்னா கண்ணால பாத்து ரெண்டையும் பிரிக்க எனக்கே தெரியாதும்மா" என்றாள் அந்தப் பிள்ளை. கேட்டீங்களா! முருங்கைக்காய்க்குள்ளும் அதே கொழுப்பு!

"அப்போ என் முட்டு போனது என் சாப்பாட்டால இல்ல. அப்படித்தானே? ஒரு வார்த்தை சொல்லு, இவ வெளிய வந்ததும் காதுல போடுறேன்" என்றேன்.

"கண்ணால பாத்துச் சொல்ற விஷயம் இல்லம்மா. உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும். இன்னும் நிறையப் பேர்கிட்ட எடுக்கணும். ரெண்டு வருஷமாவது ஆகும்" என்று பெட்டியை மூடிக்கொண்டு ஓடிவிட்டாள்.

இரண்டு வருஷம்! நான் இன்றைக்கே கணக்குத் தீரும் என்று வந்தவள். இரண்டு வருஷம் கழித்து முடிவு வந்து, அப்போது இவள் இல்லையென்றால்? கல்லறையில் போய்க் குனிந்து நின்றா சொல்வேன்? அவளுக்கு அது எவ்வளவு வசதி! கடைசி வார்த்தையை அவளே பேசிவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்கிறாள். அது மட்டும் நடக்காது.

நாளைக் காலையிலேயே எழுப்பி நிற்க வைப்பேன். அலறினாலும் மடக்க வைப்பேன். கஞ்சி போதும் என்றால் வாயைப் பிடித்து முட்டை ஊட்டுவேன், மஞ்சளோடு. ஒருசந்தியாவது, ஆட்டுக்குட்டியாவது. என் அறையிலேயே கட்டில் போட்டாயிற்று, தப்பித்து மாடிக்குப் போக முடியாது. அன்பியத்தில் என் பக்கத்து நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்பேன். இரண்டு வருஷம் என்ன, இருபது வருஷமானாலும் அவளை இருக்க வைத்து, காது நன்றாகக் கேட்கும்போதே...

என்ன, பெர்பெத்தம்மாள் கூட வந்தவங்களா? நான்தான்! சிஸ்டர், நான்தான்! எப்படி இருக்கா? இரத்தம் நிறையப் போச்சா? எலும்பு தாங்கிச்சா? நீங்க முதல்ல ஒண்ணு சொல்லுங்க, இருக்காளா?

இருக்காளாம். கண்ணை முழித்து, டாக்டரிடம் தையல் கோணல் என்று சண்டை போடுகிறாளாம்.

நகருங்கம்மா, வழிவிடுங்க. இவளை நான் சும்மா விடப்போவதில்லை.